நான் கழற்றிவிட்ட எர்த் ஒயர்

என் கணவர் வளைகுடா நாட்டில் ஓர் அரபுக் குடும்பத்துக்கு இருபது வருஷம் டிரைவராக இருந்தார். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நாற்பத்தைந்து நாள் லீவில் வருவார். முதல் பத்து நாள் வீடு முழுக்கச் சொந்தக்காரர்கள். கடைசிப் பத்து நாள் அவர் பெட்டி கட்டிக்கொண்டிருப்பார். நடுவில் மிஞ்சிய நாட்களில்தான் நாங்கள் புருஷன் பெண்டாட்டி. அப்படியே ஒரு மகள் பிறந்து, வளர்ந்து, மதுரைக்கு நர்சிங் படிக்கப் போய்விட்டாள். நான் கமுதிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். வேலை முடிந்த பிறகு மாமனார் விட்டுப்போன மிளகாய்க் காட்டைப் பார்த்துக்கொள்வேன்.

இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஒரு மாசி மாதம், லீவு என்று சொல்லாமல், கடிதமும் போடாமல், இரண்டு பெட்டியோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். "போதும்னு வந்துட்டேன்" என்றார். நான் மேற்கொண்டு கேட்கவில்லை. எங்களுக்குள் கேட்கும் பழக்கம் இல்லை.

வந்து இரண்டு மாதம் காட்டுக்குப் போவார், வருவார், சாப்பிடுவார். எனக்கு அவரிடம் என்ன பேசுவதென்று தெரியாது. காலையில் எத்தனை மணிக்குக் காப்பி குடிப்பார் என்பதைக்கூடக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒருநாள், உச்சிப்புளி வரை போய்வரலாம், ஒரு வண்டி பார்க்க வேண்டும், நீயும் வா என்றார். மோட்டார் சைக்கிள் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

கடலோரத்தில் ஓர் இறால் பண்ணை. இறாலுக்கு நோய் வந்து மூடிவிட்டார்கள். குளங்கள் வற்றி, அடியில் உப்பு வெள்ளையாகப் படர்ந்திருந்தது. ஓலைக் கொட்டகைக்குள் வண்டி நின்றது. வெளிநாட்டில் செய்து கப்பலில் வந்தது. மணல், மலை, சேறு எதிலும் போகும். உள்ளே தோல் சீட்டு, மரப் பலகை வைத்த டேஷ்போர்டு. பண்ணை நன்றாக நடந்த காலத்தில் வாங்கியதாம். இரண்டு வருஷமாகக் கடல் காற்றில் நின்றதில் டயர் நான்கும் தரையில் அமுங்கிக் கிடந்தன. கூரை முழுக்கக் காக்கை எச்சம்.

அவர் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார். இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்தார். அந்த முகத்தை நான் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. அங்கே அவர் ஓட்டியதும் இதே ரக வண்டிதான் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. இருபது வருஷம் அடுத்தவர்களை ஏற்றிக்கொண்டு பாலைவனத்தில் ஓட்டியிருக்கிறார்.

பண்ணைக்காரர் ஒளிக்காமல் பேசினார். "எஞ்சின் ராசா மாதிரி. கரண்டுதான் பேயி. ப்ரேக்க மிதிச்சா வைப்பர் ஆடும். கண்ணாடி தானா எறங்கும். பேட்டரி ஒரு வாரம் தாங்காது. பாத்து வாங்கிக்கங்க."

"பரவால்ல. எனக்குத் தெரிஞ்ச வண்டி" என்றார் இவர்.

அந்தப் பணத்தில் காட்டில் ஒரு போர்வெல் போடலாம் என்று மூன்று வருஷமாக நினைத்திருந்தேன். திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டேன். வண்டியைப் பிடிக்காமல் போனது அன்றைக்குத்தான்.

டிராக்டரில் கட்டி இழுத்து ராமநாதபுரத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஆட்டோ எலக்ட்ரீசியன் ஒருவர்; பாய் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். லாரிக்கும் அம்பாசடருக்கும் ஒயரிங் செய்து பழகியவர். டேஷ்போர்டைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, இதற்கு நான் ஆளில்லை, நீங்கள் சொல்லுங்கள், நான் செய்கிறேன் என்று இவரிடமே சொல்லிவிட்டாராம். புது பேட்டரி போட்டு, டேங்கைக் கழுவி, நாலாவது நாள் வண்டியை எழுப்பினார்கள். இவர் ஓட்டிக்கொண்டு ஊருக்கு வந்தபோது ஹாரன் தானாக அடித்துக்கொண்டே வந்தது. ஊரே வாசலுக்கு வந்து நின்றது. நான் உள்ளே போய்விட்டேன்.

வண்டியைக் காட்டு வேப்பமரத்தடியில் நிறுத்தினார். அன்றிலிருந்து அவர் இருப்பு அங்கேதான். பள்ளிக்கூடம் விட்டதும் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு நான் போவேன். ஒருநாள் அவர் என்னைப் பார்க்காமலே கையை மட்டும் வெளியே நீட்டி, "இங்கேரு, இதப் புடி" என்றார். ஒரு சின்ன பல்பு, அதில் இரண்டு ஒயர், ஒன்றின் நுனியில் ஊசி, இன்னொன்றில் கிளிப். டெஸ்ட் லேம்ப் என்றார். கிளிப்பை வண்டியின் இரும்பில் மாட்டி, ஊசியை அவர் சொன்ன இடத்தில் தொட்டேன். பல்பு எரிந்தது. அங்கே கரண்டு வருகிறது என்று அர்த்தம், அவ்வளவுதான் விஷயம் என்றார்.

ப்ரேக்கை மிதித்தால் வைப்பர் ஏன் ஆடுகிறது என்று கேட்டேன். இருபத்தொரு வருஷத்தில் அவர் வேலையைப் பற்றி நான் கேட்ட முதல் கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன். அவர் வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, டயரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"வண்டியோட ஒடம்பே ஒரு ஒயரு. கரண்டு பேட்டரில கெளம்பி லைட்டுக்குப் போயி, ஒடம்பு வழியா பேட்டரிக்குத் திரும்பணும். திரும்புற எடத்துக்குப் பேருதான் எர்த்து. அங்கன துரு ஏறிச்சுன்னா கரண்டுக்கு வழி இல்ல. வழி இல்லேன்னா சும்மா இருக்காது. பக்கத்துல கெடைக்கிற ஒயருல பூந்து போகும். ப்ரேக் லைட்டுக்குப் போனது வைப்பருக்குள்ள பூந்துரும். பேயெல்லாம் ஒண்ணும் இல்ல. எந்தக் கோளாறா இருந்தாலும் மொதல்ல எர்த்தப் பாக்கணும்."

அவர் தொடர்ச்சியாக இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. அந்த இரண்டு மாதத்தைக் கடவுள் எனக்குக் கொடுத்தார் என்றுதான் சொல்ல வேண்டும். மிதியடியைத் தூக்கினால் கீழே ஒயர்கள் பச்சை பூத்துக் கிடக்கும். செம்பில் உப்பு ஏறினால் அப்படி ஆகும். வெட்டி, சுரண்டி, புது ஒயர் சேர்த்து, பற்றவைத்து, டேப் சுற்றுவோம். எலி கடித்த இடங்கள் தனி. கண்ணாடி தானாக இறங்கியதற்குக் கதவுக்குள் தேங்கிய தண்ணீர் காரணம். ஹாரனுக்கு ஸ்டியரிங்கின் உள்ளே உரசிப்போன ஒயர். பின்பக்கம், கடைசி சீட்டுக்கு அடியில், மூலையில் ஒரு போல்ட்டில் எட்டு ஒயர்களின் எர்த் ஒன்றாக மாட்டியிருந்தது. அந்த இடுக்கில் அவர் கை போகவில்லை. என் கை போனது. நான்தான் அதைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கிரீஸ் தடவி, திருப்பி மாட்டினேன். அன்றோடு வைப்பர் ஆடுவது நின்றது. அவர் ப்ரேக்கை நாலைந்து தடவை மிதித்து மிதித்துப் பார்த்துவிட்டு, "ஒனக்கு வேலை வரும்டீ" என்றார். அந்த 'டீ' எனக்குப் புதிது.

சின்ன வேலைகளை எல்லாம் அவர் என்னிடம் தள்ளத் தொடங்கினார். ஸ்குரு முடுக்க, ஒயர் சீவ, கட்டிங் பிளேயரை அழுத்த. எனக்குக் கற்றுக்கொடுக்கிறார் என்று நினைத்தேன். சந்தோஷமாகவே செய்தேன். தன் சட்டைப் பித்தானைப் போட்டுவிடச் சொன்னபோதும் கொஞ்சல் என்றுதான் நினைத்தேன்.

மகள் லீவில் வந்தவள் ஒரே நாளில் கண்டுபிடித்தாள். அப்பா சாப்பிடும்போது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைச் சமையல்கட்டுக்குள் இழுத்துப்போய், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் சதையே இல்லை, குழி விழுந்திருக்கிறது, எத்தனை நாளாக இப்படி என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. தினமும் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மதுரையில் பெரிய டாக்டரிடம் போனோம். கையில், காலில், முதுகில் ஊசி குத்திப் பார்த்தார்கள். டாக்டர் அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடமும் மகளிடமும் சொன்னார். நரம்பு செத்துக்கொண்டே போகும் வியாதி. கை, கால், நாக்கு என்று வரிசையாகப் போய் கடைசியில் மூச்சு. மருந்து இல்லை. இரண்டு வருஷம், மூன்று வருஷம். மூளைக்கு ஒன்றும் ஆகாது, கடைசிவரை எல்லாம் தெளிவாகத் தெரியும் என்றும் சொன்னார். அது ஆறுதலா, இன்னொரு தண்டனையா என்று எனக்கு அப்போது புரியவில்லை.

அவரிடம் நரம்புத் தளர்ச்சி என்று சொல்லிவிட்டோம். மகள் வேண்டாம், உள்ளதைச் சொல்லிவிடலாம் என்றாள். நான்தான் தடுத்தேன். பஸ்ஸில் வரும்போது அவர் தானாகவே ஒன்று சொன்னார். அங்கே வேலையில் இருந்தபோதே கை நழுவிய சங்கதி நடந்ததாம். முதலாளி வீட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போகும்போது ஸ்டியரிங் கையை விட்டுப் போய், வண்டி நடைபாதையில் ஏறி நின்றதாம். யாருக்கும் காயமில்லை. மறுநாள் சம்பளத்தைக் கொடுத்து டிக்கெட் எடுத்துக் கையில் கொடுத்துவிட்டார்களாம். "அந்த வண்டியத் தொடக்கூடாதுன்னுட்டாங்க" என்றார்.

அவர் ஏன் அந்தக் கொட்டகையில் அப்படி உட்கார்ந்தார் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. விளங்கி என்ன செய்ய?

வண்டி ஓட்டாதீர்கள் என்றேன். கியர் போட வேண்டியதில்லை, ஸ்டியரிங் விரல் பட்டாலே திரும்பும், ஒரு கையே போதும் என்றார். தினமும் காலையில் ஒரு சுற்று போய்வருவார். எங்கே போகிறார் என்று சொல்ல மாட்டார். சில நாள் பாம்பன் பாலம் வரைக்கும் போய்க் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டு வருவார் என்று பிறகு தெரிந்தது. நான் தடுக்கவில்லை என்று சொல்ல முடியாது, தடுத்தேன். அழுதேன். மகளைவிட்டுப் பேசச் சொன்னேன். "இது ஒண்ணுதான் இருக்கு" என்பதோடு பேச்சை முடித்துவிடுவார்.

பங்குனியில் எங்கள் பக்கம் ரோட்டின் இரண்டு ஓரத்திலும் மிளகாய் காய்ந்துகொண்டிருக்கும். அன்று நானும் வண்டியில் இருந்தேன், கமுதியில் சாமான் வாங்கிக்கொண்டு வந்தோம். ஊருக்குத் திரும்பும் வளைவில் இரண்டு பெண்கள் வத்தல் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி எங்கள் காட்டுக்குக் களையெடுக்க வருகிறவள். அவர் வேகத்தைக் குறைக்கப் பார்த்தார். வலது கால் ஆக்சிலேட்டரிலிருந்து ப்ரேக்குக்கு வரவில்லை. நான் பக்கத்து சீட்டிலிருந்து அதைப் பார்த்தேன். முழங்கால் அசைந்தது, பாதம் அங்கேயே கிடந்தது. வண்டி ரோட்டை விட்டு இறங்கி மிளகாய் மேல் ஏறியது. ஒருத்தி எழுந்து ஓடிவிட்டாள். களையெடுக்க வருகிறவள் உட்கார்ந்த இடத்திலேயே பின்னால் சாய்ந்துவிட்டாள். அவர் இரண்டு கையாலும் தொடையைத் தூக்கி ப்ரேக்கில் போட்டார். வண்டி நின்றபோது பம்பருக்குக் கீழே அவளுடைய கூடை நசுங்கிக் கிடந்தது. அவள் கால் அதற்கு ஒரு சாண் தள்ளி இருந்தது.

ஆட்கள் கூடிவிட்டார்கள். மிளகாய் நெடியில் எல்லாரும் இருமினார்கள். அவர் இறங்காமலே, "ப்ரேக்குல கரண்டுக் கோளாறு. டேஷ்போர்டுல லைட்டு எரிஞ்சிருச்சு, புடிக்கல" என்றார். எல்லாரும் நம்பினார்கள். அந்த வண்டியின் பேய்களை ஊருக்கே தெரியுமே. அந்தப் பெண்ணும் எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டே, பாவம், வண்டியை மாத்துங்கய்யா என்றாள். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

மறுநாளும் காலையில் சாவியை எடுத்தார்.

அன்று மத்தியானம் அவர் சாப்பிட்டுவிட்டுத் தூங்கும்போது நான் காட்டுக்குப் போனேன். பியூஸைப் பிடுங்கினால் ஒரு நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுவார். சாவியை ஒளித்தால் சண்டை வரும். நான் கடைசி சீட்டுக்கு அடியில் கையை விட்டு, அந்த மூலை போல்ட்டைத் தளர்த்தினேன். டேங்கிலிருந்து எஞ்சினுக்குப் பெட்ரோல் ஏற்றும் பம்பின் எர்த் ஒயர் எது என்று எனக்குத் தெரியும், நான் மாட்டியதுதானே. அதை மட்டும் உருவி, டேப் சுற்றி, மிதியடிக்குக் கீழே மடக்கி வைத்தேன். மற்ற ஒயர்களோடு போல்ட்டை முடுக்கிவிட்டேன். கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

மறுநாள் சாவியைத் திருப்பினார். எஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை.

முதல் இரண்டு நாள் அவர் கலங்கவில்லை. பியூஸைப் பார்த்தார், நன்றாக இருந்தது. பம்புக்குக் கரண்டைத் திறந்துவிடும் ரிலேயும் 'டிக்' என்று சத்தம் கொடுத்தது. டெஸ்ட் லேம்பை என்னைவிட்டுப் பம்பின் வாயில் வைக்கச் சொன்னார், எரிந்தது. கரண்டு வருகிறது, பம்பு ஓடவில்லை, அப்படியானால் பம்புதான் போய்விட்டது என்றார். அதைக் கழற்ற எங்களுக்கு ஒரு முழுநாள் ஆனது. வெளியே எடுத்து நேராக பேட்டரியில் வைத்தால் ஓடியது. திரும்ப மாட்டினால் ஓடவில்லை. அவர் என்னைப் பார்த்தார்.

"எர்த்தப் பாத்தியா?"

"பாத்தேன். நல்லா இருக்கு."

"சரி. அது நீ பண்ணுனது. அது கெடாது."

அதைச் சொன்னபோது அவருடைய பேச்சு லேசாகக் குழற ஆரம்பித்திருந்தது.

பிறகு அவர் முதலிலிருந்து தொடங்கினார். எல்லா ஒயரையும் மறுபடி. ஒருநாள் செய்ததை மறுநாள் செய்தோமா என்று கேட்பார். அடுத்த வாரம் இன்னொரு தடவை எர்த்தைக் கேட்டார், நான் இன்னொரு தடவை நல்லா இருக்கு என்றேன். தாளில் படம் போடச் சொல்வார், நான் போட்டதை மடியில் வைத்துக்கொண்டு மணிக்கணக்காகப் பார்ப்பார். பென்சிலைப் பிடிக்க முடியாததால் மூக்கால் சுட்டிக் காட்டுவார். பாயை வரச் சொல் என்றார். நான் கடைவீதி டெலிபோன் பூத்தில் இருந்து பேசும்போது, வந்தால் வாருங்கள், அவசரமில்லை என்றேன். பாய் மறுநாளே முதல் பஸ்ஸில் வந்துவிட்டார்.

பத்து நிமிஷம் கூட ஆகவில்லை. பின்பக்கம் படுத்து மிதியடியைத் தூக்கியவர் அப்படியே கிடந்தார். பிறகு தலையை மட்டும் திருப்பி என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன், வேண்டாம் என்று. மரத்தடியில் நாற்காலியில் என் கணவர் உட்கார்ந்திருந்தார். பாய் மிதியடியை மெதுவாகத் திரும்ப வைத்துவிட்டு வெளியே வந்தார்.

"அண்ணே, எனக்குப் பிடிபடல. கம்ப்யூட்டர் பெட்டி போயிருக்கும். சாமான் வெளிநாட்டுல இருந்துதான் வரணும்" என்றார்.

தொட்டியில் கைகழுவத் தண்ணீர் ஊற்றியபோது, என்னிடம் மட்டும் கேட்கும்படி பேசினார். "எதுக்குன்னு வெளங்குதுக்கா. ஆனா வேற ஏதாவது பொய் சொல்லியிருக்கலாம். தொழில் தெரிஞ்ச மனுசன்." அவர் கூலி வாங்கவில்லை, காப்பியும் குடிக்கவில்லை.

கோளாறு கம்ப்யூட்டர் பெட்டியில் இல்லை என்பது என் கணவருக்குத் தெரியும். அந்தப் பெட்டி போனால் ரிலே சத்தம் போடாது என்றார். பாய்க்குத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டு மறுபடி படத்தை மடியில் வைத்துக்கொண்டார். இப்படி ஆறு வாரம். அவர் வண்டி ஓட்டவில்லை, யார் மேலும் ஏற்றவில்லை. நான் நினைத்தது நடந்தது. அதற்குள் அவரால் எழுந்து நிற்க ஆள் பிடிக்க வேண்டியதாகிவிட்டது. இனி அந்த ஒயரை மாட்டினாலும் ஒன்றுதான், மாட்டாவிட்டாலும் ஒன்றுதான். ஆனாலும் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் தள்ளிப்போட்டேன்.

ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது அவர் வீட்டில் தனியாக ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். கிட்டே போய்க் கேட்டேன். பியூஸ் பெட்டியின் வரிசை. முதல் பியூஸ் எது, இரண்டாவது எது என்று பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டிருந்தார். முடிந்ததும் அரபு முதலாளி வீட்டு டெலிபோன் நம்பர். பிறகு எங்கள் மகள் பிறந்த தேதி. என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்.

என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன்.

"சரியாத்தான் சொல்றனா?" என்றார். "எனக்குப் புத்தி போகுது. கையி போனாப் போகுது. இருவது வருசமாப் பாக்குற வண்டி, ஒரு சின்னக் கோளாறு, எனக்குப் பிடிபடல. எங்கயோ ஒண்ண மறந்துட்டேன். எதைன்னு தெரியல. நாளைக்கு ஒன்னையவும் தெரியாமப் போயிரும்."

மூளைக்கு ஒன்றும் ஆகாது என்று டாக்டர் சொன்னதை நான்தான் அவரிடமிருந்து மறைத்தேன். வியாதியின் பேரை மறைத்தபோது அதற்குள் இருந்த அந்த ஒரே நல்ல சேதியும் சேர்ந்து மறைந்துபோய்விட்டது. ஆறு வாரமாக அவர் ஒயரைத் தேடவில்லை. தன் புத்தியைச் சோதித்துப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் பக்கத்தில் உட்கார்ந்து டெஸ்ட் லேம்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். மிளகாய் ரோட்டில் அவர் கால் அசையாததைப் பார்த்தேன் என்பதையும் சொன்னேன்.

பிறகு, "அப்ப எனக்குப் புத்தி கெடல" என்றார்.

"இல்லங்க."

"எர்த்தப் பாத்தியான்னு கேட்டேன்."

"ஆமா. ரெண்டு மூணு தடவை கேட்டீங்க."

"அஞ்சு" என்றார். "அஞ்சு தடவை கேட்டேன்."

அவர் அழுதார். அந்த வியாதியில் அழுகையை நிறுத்த முடியாது, சிரிப்பையும் நிறுத்த முடியாது என்று மகள் சொல்லியிருந்தாள். அதனால் அந்த அழுகையில் எவ்வளவு வியாதி, எவ்வளவு கோபம், எவ்வளவு நிம்மதி என்று என்னால் பிரிக்க முடியவில்லை. முகத்தைத் துடைக்கப் போனேன். தலையைத் திருப்பிக்கொண்டார்.

"போயி மாட்டு" என்றார்.

கொழுந்தனைக் கூப்பிட்டு அவரை, மகள் மதுரையிலிருந்து அனுப்பியிருந்த சக்கர நாற்காலியோடு மரத்தடிக்குக் கொண்டுபோகச் சொன்னேன். கழற்றி வைத்திருந்த பேட்டரியை மாட்டி, மிதியடிக்குக் கீழே மடக்கி வைத்த ஒயரை எடுத்து, டேப்பைப் பிரித்து, போல்ட்டில் கொடுத்து முடுக்கினேன். ஸ்பானர் இரண்டு தடவை விழுந்தது. சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். ஐந்து நிமிஷம் இருக்கும்.

"நிப்பாட்டு."

அதற்குப் பிறகு அந்த வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. என்னிடமும் பேசவில்லை. நான் சோறு பிசைந்து வாயருகே கொண்டுபோனால் வாயை இறுக்கிக்கொள்வார். கொழுந்தன் பெண்டாட்டி வந்து ஊட்டினாள். புருஷனுக்கு என்ன செய்தாளோ என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அவர்கள் பேசியதில் தப்பில்லை. ஒன்பது நாள் அப்படிப் போயிற்று.

மகள் வந்தாள். இந்தத் தடவை என்னைக் கேட்காமல் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வியாதியின் பேரைச் சொன்னாள், எப்படி வரும், எதுவரை போகும் என்று எல்லாவற்றையும் சொன்னாள். அவர் இரண்டே கேள்வி கேட்டார். எவ்வளவு நாள்? விழுங்க முடியாமல் போகுமா? இரண்டுக்கும் அவள் உள்ளதைச் சொன்னாள். நான் வாசற்படியில் நின்று கேட்டேன். நான் ஒரு வருஷமாகப் பயந்த பேச்சு, பால் கொதிக்கிற நேரத்துக்குள் முடிந்துவிட்டது.

அவள் பஸ் ஏறிப் போன பிறகு, "இங்கேரு, தண்ணி குடு" என்றார். கொடுத்தேன். குடித்தார். அதற்குமேல் நாங்கள் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. மன்னித்தாரா, வேறு வழியில்லாமல் என் கையிலிருந்து குடித்தாரா, எனக்குத் தெரியாது. அன்றிலிருந்து நான்தான் ஊட்டினேன். பேச்சு முழுக்கப் போன பிறகு, ஆமாம் என்றால் ஒரு தடவை, இல்லை என்றால் இரண்டு தடவை கண்ணை மூடுவார். அந்தக் கண் கடைசி நாள்வரை தெளிவாக இருந்தது. டாக்டர் சொன்னது சரி. அடுத்த வருஷம் ஐப்பசி மழையில் மூச்சு நின்றது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், அந்த வண்டி வந்த நேரம் சரியில்லை, அதைக் கொண்டுபோய்த் தள்ளுங்கள் என்று கொழுந்தன் சொன்னார். வண்டி வருவதற்கு முன்பே வியாதி வந்துவிட்டது என்று நான் சொல்லிப் பார்த்தேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு வருஷம் அது வேப்பமரத்தடியிலேயே நின்றது. வாரத்துக்கு ஒருநாள் போய் ஸ்டார்ட் செய்து வைத்துவிட்டு வருவேன். பிறகு அதையும் விட்டேன். ஒரு மழைக்காலத்தில் எலிகள் மறுபடி உள்ளே போய்விட்டன.

பாய்தான் மதுரையில் ஓர் ஆள் பார்த்துக் கொடுத்தார். பிரித்து, சாமானாக விற்கிறவர். காலையில் லாரியோடு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். பத்து மணிவரை காட்டில் காத்திருந்தேன். லாரி வரவில்லை. அன்று பள்ளிக்கூடத்தில் முட்டை போடும் நாள். நான் போகாவிட்டால் அடுப்பு பற்றவைக்க ஆளில்லை. சாவியைக் கொழுந்தனிடம் கொடுத்துவிட்டு வரப்பு வழியாக நடந்தேன். சாயங்காலம் வந்து பார்த்தபோது மரத்தடி காலியாக இருந்தது.